மூடுபனியில் கரையாத சாயம்: பழைய தோல் கோட்டுக்கு எதைப் பூசுவது?

கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய ஸ்வெட்டர் குவியலுக்கு அடியில் எப்போதாவது ஒரு தோல் கோட்டு கையில் தட்டுப்படும். போன வருடம் எனக்கு அப்படிக் கிடைத்தது பழுப்பு நிறத்தில் ஓர் ஆட்டுத்தோல் கோட்டு. 900 ரூபாய். தையல் எங்கும் விடவில்லை, ஜிப் சீராக ஓடியது, உள் லைனிங்கில் ஒரு கிழிசல்கூட இல்லை. நிறம்தான் போய்விட்டிருந்தது. அக்குளுக்குக் கீழே கருப்பட்டி நிறம், தோள்பட்டையில் பால் கூடிய டீ நிறம். காலரில் மட்டும் கறுத்த பட்டை ஒன்று, முன்பு அணிந்தவர் தலைக்கு எண்ணெய் வைக்கும் பழக்கம் உள்ளவர் என்று சொல்லியது. இரண்டு மாதம் கழித்து என் தம்பி ஒரு கறுப்பு மாட்டுத்தோல் ஜாக்கெட்டோடு வந்து நின்றான். அதுவும் தோளிலும் முழங்கையிலும் சாம்பல் பூத்துப்போயிருந்தது.

இரண்டுக்கும் சேர்த்து ஒரே சாயமாக வாங்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். கடைசியில் இரண்டுக்கும் வேறு வேறு வைத்தியம் செய்ய வேண்டிவந்தது. எதை எதற்குச் செய்தோம், எதை விட்டோம், ஏன் விட்டோம் என்பதை எழுதி வைக்கிறேன். பழைய தோல் கோட்டு வாங்கி வைத்துக்கொண்டு, பாலிஷ் போதுமா, சாயம் ஏற்றுவதா, கீழே சமவெளியில் நிறம் ஏற்றுகிறவர்களிடம் அனுப்புவதா என்று யோசிப்பவர்கள் இந்த மலையில் பலர் இருக்கிறார்கள்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். சந்தையிலிருந்து வந்த வாரமே வீட்டில் இருந்த பழுப்பு ஷூ பாலிஷை எடுத்துத் தோள்பட்டை முழுக்கத் தேய்த்தேன். பார்க்க அருமையாக இருந்தது. புதுக் கோட்டு என்றே சொல்லலாம். அடுத்த வாரம் அதைப் போட்டுக்கொண்டு வத்தலக்குண்டு பஸ் ஏறினேன். நவம்பர் மாதம்; பெருமாள்மலை வரும்வரை ஜன்னல் வழியே மூடுபனி உள்ளே வந்துகொண்டிருந்தது. கோட்டு நனைந்தது என்று சொல்ல முடியாது, பிசுபிசுவென்று ஈரம் கோத்திருந்தது, அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். டம்டம் பாறை தாண்டி அவர் எழுந்தபோது, அவருடைய வெளிர்மஞ்சள் சேலையின் தோள்பக்கம் நான்கு விரல் அகலத்துக்குப் பழுப்புத் தீற்றல். "பரவாயில்ல தாயி, துவைச்சா போயிரும்" என்றார். போகாது என்று எனக்குத் தெரியும். அது மெழுகில் குழைத்த நிறம். இன்றைக்கும் அந்தச் சேலையை நினைத்தால் மனது சுருங்குகிறது.

அன்றைக்கு முடிவு செய்த அளவுகோல்தான் இந்தக் கட்டுரை முழுக்க வரப்போகிறது. சமவெளியில் தோல் கோட்டு அழகுக்குப் போடுவது. இங்கே அது நனைவதற்கென்றே போடுவது. அதனால் எந்த வழியில் நிறம் ஏற்றினாலும், ஈரமான வெள்ளை வேட்டித் துணியால் பத்து இருபது முறை அழுத்தித் தேய்த்தால் துணி வெள்ளையாகவே இருக்க வேண்டும். அது நடக்காத எந்த வழியும், எவ்வளவு பளபளத்தாலும், நமக்கு உதவாது. ஷூ பாலிஷ் இந்தச் சோதனையில் முதல் தேய்ப்பிலேயே தோற்றுவிடும். காலுறையில் படுவதற்கும் அடுத்தவர் தோளில் படுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது அல்லவா?

பஜாரில் செருப்பு தைக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். இளவயதில் திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர். இரண்டு கோட்டையும் அவரிடம் கொண்டுபோனோம். அவர் சாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டீ டம்ளரைக் கழுவ வைத்திருந்த தண்ணீரில் விரலை நனைத்து, என் கோட்டின் தோளில் ஒரு சொட்டு, தம்பியின் ஜாக்கெட்டில் ஒரு சொட்டு வைத்தார். என் கோட்டில் சொட்டு ஓரம் மங்கி, பரவி, ஒரு நிமிடத்துக்குள் உள்ளே போய்விட்டது. அந்த இடம் கறுத்துக் காட்டியது. தம்பியின் ஜாக்கெட்டில் சொட்டு சேம்பிலைத் தண்ணீர் போல உருண்டு நின்றது. "இது குடிக்கிற தோலும்மா. அது குடிக்காது. இதுக்கு உள்ள விடணும், அதுக்கு மேல பூசணும்" என்றார். நான் இணையத்தில் இரண்டு வாரம் படித்ததைவிட அந்த ஒரு வாக்கியம் எனக்கு அதிகம் உதவியது.

அதன் பின்னால் இருக்கும் விஷயம் இதுதான். பதனிட்ட தோலுக்கு இரண்டு விதமாக நிறம் கொடுக்கிறார்கள். ஒன்று, பெரிய மரப்பீப்பாயில் சாயத்தோடு சேர்த்துச் சுழற்றி, நிறத்தை நாருக்குள் ஏற்றுவது. அப்படியே விட்டால் தோலின் மயிர்க்கண் எல்லாம் தெரியும், தொட மிருதுவாக இருக்கும், தண்ணீரையும் குடிக்கும். இன்னொன்று, அதற்கு மேல் நிறமித் துகள் கலந்த பிசின் படலம் ஒன்றைத் தெளித்து மூடுவது. அது தண்ணீரைத் தள்ளும், கறையைத் தாங்கும். உள்ளே ஏற்றிய சாயம் வெயிலில் மெதுவாக வெளுக்கும். மேலே பூசிய படலம் அவ்வளவு வெளுக்காது, ஆனால் மடிப்பில் தேய்ந்து உதிரும். என் கோட்டு வெளுத்தது, தம்பியுடையது தேய்ந்தது. பார்வைக்கு இரண்டும் "நிறம் போன கோட்டு"தான். மலைமேல் வெயில் சுடாது, ஆனால் உறைக்கும். 1000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. தோள்பட்டை முதலில் வெளுப்பது இதனால்தான்.

அந்த அண்ணன் என் கோட்டின் பாக்கெட் ஓரத்தைப் பிரித்து வெட்டுமுனையையும் காட்டினார். உள்ளே நெடுக மரப்பட்டை நிறம். "குரோம் போட்ட தோலா இருந்தா நடுவுல நீலம் பாஞ்ச சாம்பலா தெரியும், இது பட்டையில பதனிட்டது" என்றார். குரோம் என்பது மரப்பட்டைக்குப் பதிலாகத் தோல் பதனிடப் போடும் உப்பு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. திண்டுக்கல் தோலுக்குப் பேர் வந்ததே ஆவாரம் பட்டையாலும் கடுக்காயாலும்தான். நம் மலையில் சீகை என்று சொல்கிறோமே வாட்டில் மரம், அதை இங்கே தோப்பு தோப்பாக நட்டதற்கும் தோல் பதனிடும் பட்டை ஒரு முக்கியக் காரணம். இன்றைக்கு அது சோலையையும் புல்வெளியையும் விழுங்கிவிட்டது என்று அழிக்கப் பார்க்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் இந்த மலைக்கும் என் தோளில் கிடக்கும் கோட்டுக்கும் அப்படி ஓர் உறவு இருந்திருக்கலாம் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

சரி, குடிக்கிற தோலுக்கு என்ன வழி? மூன்று.

எளிதானது எண்ணெய். தேங்காய் எண்ணெய் தடவு, கறுத்துவிடும் என்று எங்கள் வீட்டிலேயே சொன்னார்கள். கறுக்கும், உண்மைதான். ஆனால் அது நிறம் இல்லை, எண்ணெய்க் கறை. 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையும். கொடைக்கானலில் வருடத்தில் பெரும்பாலான நாள் அது புட்டிக்குள் வெள்ளைக் கட்டியாகத்தான் இருக்கிறது. தோலுக்குள்ளும் அது அப்படித்தான் இருக்கும். உருக்கித் தடவினால் ஓரிடம் குடித்து ஓரிடம் குடிக்காமல் திட்டுத் திட்டாக நிற்கும், தூசியை இழுக்கும். எல்லாவற்றையும்விட, எண்ணெய் ஏறிய இடத்தில் பிறகு எந்தச் சாயமும் சீராகப் பிடிக்காது. என் கோட்டின் காலரே அதற்குச் சாட்சி.

அடுத்தது தோல் கிரீம், அதிலும் நிறம் கலந்த கிரீம். வெளுப்பு லேசாக இருந்து, அடிநிறம் மாறாமல் இருந்தால் இது போதும். தோலுக்கு நல்லது, கை நடுங்காமல் செய்யலாம், பிடிக்காவிட்டால் பெரும்பாலும் துடைத்து எடுத்துவிடலாம். ஆனால் பாலிஷ் அளவுக்கு இல்லாவிட்டாலும் ஈரத் துணியில் இதுவும் கொஞ்சம் இறங்குகிறது. வெயில் நாளில் மட்டும் போடும் கோட்டுக்குச் சரி.

மூன்றாவது ஸ்பிரிட்டில் கரைத்த தோல் சாயம். நான் இதைத்தான் எடுத்தேன், குடிக்கிற தோலுக்கு இதைத்தான் சொல்வேன். ஃபீபிங்ஸ் போன்ற பழைய கம்பெனிகளின் சாயம் இணையத்தில் 118 மில்லி புட்டியாகக் கிடைக்கிறது. இடுப்பளவுக் கோட்டுக்கு, இரண்டு பூச்சுக்கு, எனக்கு இரண்டு புட்டி பிடித்தது. ஸ்பிரிட் தோலுக்குள் இறங்கி, நிறத்தை நாரில் விட்டுவிட்டு ஆவியாகிவிடும். மேலே படலம் எதுவும் நிற்காததால் முழங்கை மடிப்பில் வெடிக்க ஒன்றும் இல்லை. குளிரிலும் வேலை செய்கிறது. இது நமக்குப் பெரிய லாபம்.

குறைகளும் உண்டு. இருப்பதைவிட அடர்ந்த நிறத்துக்குத்தான் போக முடியும். கறுப்பைப் பழுப்பாக்க முடியாது. ஒருமுறை இறங்கினால் திரும்ப எடுக்க முடியாது. ஸ்பிரிட் தோலில் உள்ள எண்ணெய்ப் பசையையும் கூட்டிக்கொண்டு போவதால் கோட்டு காய்ந்ததும் முறுமுறுவென்று இருக்கும். கிரீம் போட்டால் சரியாகும். வெயிலில் மறுபடி கொஞ்சம் வெளுக்கும். இன்னொன்று, பூசி முடித்ததும் ஈரத் துணியில் தேய்த்தால் சாயம் நிச்சயம் வரும். அங்கேதான் பலர் தோற்றுப்போய் "சாயம் சரியில்லை" என்கிறார்கள். உள்ளே இடமில்லாமல் மேலே தங்கிய தூள் அது. காய்ந்த துணியால், நிறம் வருவது நிற்கும்வரை தேய்த்து எடுக்க வேண்டும். நான் இரண்டு நாள் மாலை முழுக்கத் தேய்த்தேன். மூன்று பழைய பனியன் போனது. அப்புறம் மெல்லிய கிரீம், இரண்டு நாள் ஓய்வு, அதற்குப் பிறகு பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த அக்ரிலிக் மேற்பூச்சு, ஒரே ஒரு முறை. அதன் பிறகுதான் வெள்ளைத் துணி வெள்ளையாகவே திரும்பி வந்தது.

இதில் கையால் மட்டுமே தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம் ஒன்று. சாயத்தைத் தோள்பட்டையில் மட்டும் பூசினால், ஈரமும் காய்ந்ததும் சந்திக்கும் இடத்தில் கோடு விழும். அந்தக் கோடு எத்தனை பூச்சுப் போட்டாலும் அடியில் தெரியும். அதனால் ஒரு தையலில் ஆரம்பித்து அடுத்த தையலில்தான் நிறுத்த வேண்டும். கோட்டு என்பது இருபது முப்பது துண்டுகள் சேர்ந்தது. ஒரு துண்டை எடுத்தால் கை நிற்காமல் அந்தத் துண்டை முடித்துவிட வேண்டும். சாயத்தை நீர்க்க வைத்து இரண்டு மூன்று முறை பூசினால் திட்டு விழுவது குறையும். தையல் ஓட்டை வழியே சாயம் உள்ளே கசியும். என் கோட்டின் லைனிங்கில் ஊசிக்குத்து ஒவ்வொன்றிலும் கடுகளவு பழுப்புப் புள்ளி வரிசையாக விழுந்திருக்கிறது. தையல் பக்கம் வரும்போது துணியை நன்றாகப் பிழிந்துவிட்டு, கிட்டத்தட்டக் காய்ந்த துணியால் ஒற்றினால் போதும். நூல் பாலியெஸ்டராக இருந்தால் அது சாயம் குடிக்காது, பழைய நிறத்திலேயே நிற்கும். எனக்கு அது அழகாகத்தான் பட்டது.

காலர் எண்ணெய்க்கு வழி: சோளமாவைத் தடிமனாகக் கொட்டி ஓர் இரவு விட்டுத் தட்டிவிடுவது. மூன்று இரவு செய்தேன். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தேன். முழுக்கப் போகவில்லை, காலர் இப்போதும் மற்ற இடத்தைவிட ஒரு சாயல் அடர்த்தி. கோட்டில் பூஞ்சணம் பூத்த தடம் இருந்தால் அதையும் ஆல்கஹாலும் தண்ணீரும் சமமாகக் கலந்து துடைத்து, காற்றாட உலர்த்திவிட்டுத்தான் சாயத்தைத் தொட வேண்டும். பூஞ்சணத்துக்கு மேலே பூசிய சாயம் அடுத்த மழைக்காலத்தில் புள்ளி புள்ளியாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஓர் எச்சரிக்கை, இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்பிரிட் சாயம் பெட்ரோல் மாதிரி தீப்பிடிக்கும். குளிருக்குக் கதவைச் சாத்திக் கணப்பு மூட்டிய அறையில், அல்லது கரி அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யக் கூடாது. சீக்கிரம் காயட்டும் என்று கணப்பு முன் கோட்டைத் தொங்கவிடவும் கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டுக்கொண்டு, பகலில் செய்யுங்கள். நனைந்த துணிகளை வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

இனி தம்பியின் ஜாக்கெட். குடிக்காத தோலில் ஸ்பிரிட் சாயம் போட்டால் படலத்தின் மேல் ஈஷி நிற்கும், துடைத்தால் வந்துவிடும். அதற்குத் தண்ணீரில் கலந்த அக்ரிலிக் நிறமிப் பூச்சு. ஏஞ்சலஸ் என்ற அமெரிக்க கம்பெனியின் பூச்சை ஷூவுக்கு நிறம் மாற்றுகிற பிள்ளைகள் நன்றாக அறிவார்கள். கடை கடையாய்த் தேட வேண்டியதில்லை, இணையத்திலேயே கிடைக்கும். நிறமி என்பதால் வெயிலில் அவ்வளவாக வெளுக்காது, வெளிர் நிறம்கூடக் கொண்டுவரலாம், ஈரத் துணிச் சோதனையில் நல்ல மதிப்பெண். இவ்வளவையும் பார்த்தால் இதுவே எல்லாவற்றுக்கும் சிறந்தது போலத் தோன்றும். இரண்டு காரணத்தால் அப்படி இல்லை.

ஒன்று, அது ஒட்டுவது முழுக்க முழுக்கத் தயாரிப்பைப் பொறுத்தது. பழைய மெழுகும் மேற்பூச்சும் போகும்வரை அசிட்டோன் தொட்ட துணியால் துடைக்க வேண்டும், தோல் மங்கலாகத் தெரியும்வரை. தம்பி பொறுமையில்லாமல் ஜாக்கெட்டின் இடது கையை அரைகுறையாகத் துடைத்தான். ஆறே வாரத்தில் மணிக்கட்டுப் பக்கம் உரிந்த வெங்காயத் தோல் மாதிரி சுருள் சுருளாக எழும்பியது. தடிமனாகப் பூசினாலும் இதே கதி. ஸ்பாஞ்சில் கொஞ்சமாக எடுத்து, காகிதம் அளவு மெல்லிசாக, நான்கைந்து முறை.

இரண்டாவது காரணம் நம் ஊருக்கே உரியது. அக்ரிலிக் பூச்சில் உள்ள துகள்கள் ஒன்றோடொன்று இளகிச் சேர்ந்து படலமாவதற்குச் சூடு வேண்டும். 10 டிகிரிக்குக் கீழே பெரும்பாலான பூச்சுகள் சரியாகப் படலமாகாது. காய்ந்தது போலத் தெரியும், விரலால் சுரண்டினால் மாவாக வரும். கொடைக்கானல் இரவு வருடத்தில் பல மாதம் அந்தக் கணக்குக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால் காலை பதினொன்றுக்கு ஆரம்பித்து மூன்று மணிக்குள் முடித்து, ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து மிதமாகச் சூடு காட்டினோம். மதுரையில் இருக்கிறவருக்கு இந்தக் கவலையே இல்லை. அவர் போடும் வீடியோவைப் பார்த்து இங்கே டிசம்பர் மாலையில் பூசினால் வேலை வீணாகும்.

துணிக்குப் போடும் சாயப்பொடியைக் கொதிநீரில் கரைத்து முக்கிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். தயவுசெய்து வேண்டாம். நம் ஊரில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும் என்றாலும், பட்டையில் பதனிட்ட தோல் ஈரமாக இருக்கும்போது 70, 80 டிகிரியிலேயே சுருண்டுவிடும். சுருண்ட தோல் திரும்ப விரியாது. குரோம் தோல் சூட்டைத் தாங்கினாலும் லைனிங்கும் உள்ளே வைத்த விறைப்புத் துணியும் தாங்காது.

கீழே அனுப்புவது பற்றி. சோபாவுக்கும் கார் சீட்டுக்கும் நிறம் ஏற்றுகிறவர்கள் கம்ப்ரசர் வைத்துத் தெளிப்பார்கள். கையால் பூசி அந்தச் சீர் வராது. கோட்டு அப்பா விட்டுப்போனது, அல்லது நிறத்தை வெளிறியதாக மாற்ற வேண்டும், அல்லது ஸ்வேட் மாதிரி மேற்பரப்பு பஞ்சுபோல இருக்கும் தோல் என்றால் நான் யோசிக்காமல் அனுப்பிவிடுவேன். 900 ரூபாய்க் கோட்டுக்கு, போகவர பஸ் செலவும் கூலியும் சேர்த்தால் மனது வராது. அனுப்பினால், என்ன தெளிக்கப் போகிறார்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். சோபா மடங்காது, கோட்டு மடங்கும். சோபாவுக்குப் போடும் தடித்த பூச்சு கோட்டின் முழங்கையில் நிற்காது.

சாயத்துக்குக் காசு செலவழிக்கும் முன் அது தோல்தானா என்று பார்த்துவிடுவதும் நல்லது. தேய்ந்த இடத்தில் நாருக்குப் பதில் துணி நெசவு தெரிந்தால் அது ரெக்சின் வகை. பாலியூரிதேன் படலம் ஈரக் காற்றில் வருடக்கணக்கில் கிடந்து தானாகவே சிதைந்து உரியும். நம் மலையின் ஈரத்தில் அது இன்னும் சீக்கிரம். அதன் மேல் எந்தப் பூச்சும் நிற்காது. தையலைக் கையால் இழுத்துப் பாருங்கள். தோல் காகிதம் போலக் கிழிந்தால் அதற்கும் சாயம் வேண்டாம்.

எப்போது செய்வது என்று கேட்டால் பொங்கல் கழிந்து மார்ச் முடிவதற்குள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, உறைபனியும் குறைந்து, பகல் வெயில் அடிக்கும் நாட்கள் அவை. ஏப்ரலில் கோடைமழை தொட்டுவிடும், சீசன் கூட்டமும் வந்துவிடும். நாங்கள் பிப்ரவரி கடைசியில் செய்தோம். வெயிலில் நேராகக் காயப்போடாமல், தாழ்வாரத்து நிழலில் அகலமான ஹேங்கரில் தொங்கவிட்டோம்.

இப்போது பத்து மாதம் ஆகிறது. என் கோட்டின் தோள்பட்டை லேசாக வெளுக்க ஆரம்பித்திருக்கிறது, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். போன வாரம் வில்பட்டி போய்வந்து, மூடுபனியில் நனைந்த கையோடு வெள்ளைத் துணியை எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். துணியில் ஒன்றும் இல்லை. தம்பியின் ஜாக்கெட் இன்னும் கன்னங்கரேலென்று இருக்கிறது, வலது முழங்கை மடிப்பில் மட்டும் மயிரிழை அளவுக்கு இரண்டு வெடிப்பு. இடது கையை மறுபடி முழுக்கத் துடைத்து ஆரம்பத்திலிருந்து பூச வேண்டும். பிப்ரவரிக்காகப் பாதிப் புட்டி கறுப்பை மூடி இறுக்கி அலமாரியில் வைத்திருக்கிறான்.